அகக் கணக்கு



மாதம் பிறந்தால் வீட்டுக் கணக்கு எழுதுவது நம்மவர் வழக்கம். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, வாடகை, ஊருக்கு அனுப்பிய பணம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே குறித்து வைக்கிறோம். நூறு ரூபாய் எங்கே போயிற்றென்று தெரியாவிட்டால் இரவு உறக்கம் வருவதில்லை. ஆனால் அன்றைய பொழுதில் நாம் பேசிய சொற்கள் எங்கே போயின, எவரைச் சுட்டன, எவரை ஆற்றின என்று கணக்குப் பார்த்துவிட்டுப் படுக்கச் செல்வோர் நம்முள் எத்தனை பேர்? இந்தக் கணக்கை அன்றாடக் கடமையாகவே ஏற்றுக்கொண்ட ஒரு மரபு கிறிஸ்தவ வாழ்வில் உண்டு. தமிழ் மொழியிலும் அதற்கு நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம். கிறிஸ்தவ அன்பர்களை முன்னிறுத்திப் பேசினாலும், பிற சமயத்தாரும் இதில் கொள்ளத்தக்கது உண்டென்று நம்புகிறோம். குற்றங்கடிதலுக்கும் அடக்கமுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழிவந்தவர்கள் அன்றோ நாம்!

பெங்களூர் நகரின் கிழக்கே வைட்ஃபீல்ட் என்னும் பகுதி இருக்கிறது. நாம் வாழ்வது அங்கேதான். 1882ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் சாமராஜ உடையார் ஆங்கிலோ இந்தியர் குடியேறுவதற்கென்று ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலத்தை அளித்தார். அவர்களுடைய சங்கத்தை நடத்திய டி. எஸ். ஒயிட் என்பாரின் பெயரே ஊருக்கு அமைந்தது. 1886இல் நினைவுத் தேவாலயம் எழுந்தது. 1963இல் பல சபைகளையும் சார்ந்த கிறிஸ்தவர்கள் கூடிச் சிந்திப்பதற்கென எம். ஏ. தாமஸ் என்னும் குருவானவர் ஒரு மையத்தை இங்கே நிறுவினார். 1990களின் பிற்பகுதியில் கணினித் தொழிற்பூங்கா வந்தது. 2023இல் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. ஒரு சிறு சமூகத்துக்கென அமைந்த குடியிருப்பு, இன்று இந்தியாவின் எல்லா மொழிகளும் ஒலிக்கும் நகரப் பகுதியாக விரிந்துவிட்டது. கட்டடம் கட்டும் கொத்தனார் முதல் கணினிப் பொறியாளர் வரை தமிழர் பலர் இங்கே வாழ்கின்றனர்.

சொந்த ஊரில் இருந்த காலத்தில் நம் ஒழுக்கத்துக்குப் பல காவலர் இருந்தனர். அதிகாலையில் அடிக்கும் கோயில் மணி ஒரு காவல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராவிட்டால் திங்கட்கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் உபதேசியார் மற்றொரு காவல். தெருமுனையில் நின்றால் எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்ளும் பெரியம்மாக்களின் கண்கள் எல்லாவற்றிலும் பெரிய காவல். பிழைப்பை நாடி வேற்று மாநிலத்துக்கு வந்ததும் இக்காவல்கள் எல்லாம் ஒரே நாளில் நீங்கிவிடுகின்றன. அடுக்குமாடியின் பத்தாம் தளத்தில் நாம் எத்தனை மணிக்கு வந்தோம், என்ன குடித்தோம், யாரை ஏசினோம் என்று கேட்பார் இல்லை. தாயார் தொலைபேசியில் அழைத்தால், அலுவலகத்தில் இருக்கிறேன் என்று வீட்டில் சாய்ந்துகொண்டே சொல்லிவிடலாம்.

இந்த நிலையில் ஒரு கேள்வி எழுகிறது. ஊரில் நம்மிடம் இருந்த ஒழுக்கம் நம்முடையதா, ஊருடையதா? ஊர்க்கண் அகன்றதும் உதிர்ந்துபோகும் ஒழுக்கம் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. இரவலாகப் பெற்றதைத்தான் நம்முடையதென்று எண்ணியிருந்தோம். இதை உணர்வது கசப்பானது. ஆயினும் வெளியூர் வாழ்வு நமக்குத் தரும் நன்மைகளுள் இதுவும் ஒன்று.

கிறிஸ்தவ வேதத்தில் தன்னைத் தான் சோதித்தறியும்படி கூறப்பட்ட புகழ்பெற்ற இடம் எது என்று நினைத்துப் பார்ப்போம். அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் அது. கொரிந்து ஒரு துறைமுக நகரம். அழிந்து கிடந்த அதனை உரோமர் கி.மு. 44இல் மீண்டும் நிறுவி, வேற்றிடத்து மக்களைக் குடியேற்றினர். ஆகவே அதுவும் குடியேறியோரின் நகரமே. அங்கிருந்த விசுவாசிகள் திருவிருந்துக்குக் கூடியபோது, வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டு களித்தனர். ஏழைகள் பசியோடு இருந்தனர். அந்தச் செய்தி கேட்டு வருந்தியே பவுல், ஒவ்வொருவரும் முதலில் தம்மைச் சோதித்தறிந்து பின்னரே பந்தியில் அமர வேண்டும் என்றார். தன்னாய்வு என்றால் தனியறையில் கண்மூடி அமர்ந்து, தன் உள்ளத்தின் தூய்மையை மட்டும் பார்த்துக்கொள்வது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது பிறந்த இடமோ சாப்பாட்டுப் பந்தி! பக்கத்தில் இருப்பவன் பசித்திருக்கிறானா என்பதே அங்கே முதற்கேள்வி.

சொல்லைக் கவனிப்பது எமது தொழிலாதலின், ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டி மேலே செல்வோம். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், ஆவியின் கனிகளை வரிசைப்படுத்தும் பவுல் இறுதியாக ஒன்றைக் கூறுகிறார். சீர்திருத்த சபையார் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம் அதனை ‘இச்சையடக்கம்’ என்கிறது. பிற்காலத்துத் திருவிவிலியம் ‘தன்னடக்கம்’ என்கிறது. முன்னது அடக்கப்படும் பொருளைச் சுட்டுகிறது. பின்னது அடங்கும் ஆளைச் சுட்டுகிறது. மூலமாகிய கிரேக்கச் சொல்லின் வேரிலோ வலிமை, ஆளுகை என்னும் பொருள் இருக்கிறது. தன்மேல் தனக்கு இருக்கும் ஆட்சி என்பது அதன் கருத்து. ஆளுகின்றவன் தன் நாட்டின் நிலவரத்தை முதலில் அறிந்திருக்க வேண்டும். வரவு செலவு தெரியாத அரசன் ஆள முடியாது. எனவே அடக்கத்துக்கு முன்னே ஆய்வு வருகிறது.

இனித் தமிழ் மரபுக்கு வருவோம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழியொன்றில் அதன் எழுத்தாலேயே அச்சேறிய முதல் நூல் என்பதை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். அதனைத் தந்த அண்டிரிக் அடிகளார் போர்ச்சுக்கல் நாட்டினர். முத்துக்குளித்துறையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்தவர். அவர் 1580இல் கொச்சியில் மற்றொரு நூலை அச்சிட்டார். ‘கொம்பெசியோனாயரு’ என்பது அதன் பெயர். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒருவரை ஆயத்தம் செய்யும் நூல் அது. கடலுக்குச் செல்லும் பரதவ மக்கள் தம் வாழ்வைத் தாமே ஆராய்ந்து பார்ப்பதற்கு அந்நூல் துணை நின்றது. தமிழில் அச்சுப்பொறி வந்து இரண்டே ஆண்டுகளில் மனச்சாட்சியை ஆராயும் நூல் வந்துவிட்டது என்பது எண்ணத்தக்கது. பின்னர் வீரமாமுனிவர் 1727இல் ‘வேதியர் ஒழுக்கம்’ இயற்றினார். பிறர்க்கு உபதேசிக்கும் வேதியர்கள் தம் ஒழுக்கத்தை முதலில் செம்மை செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுந்த உரைநடை நூல் அது.

இவ்விருவரும் இயேசு சபையைச் சேர்ந்தவர்கள். அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரே தன்னாய்வை ஒரு முறையாக வகுத்துக் கொடுத்தவர். அவர் இளமையில் போர்வீரர். 1521இல் பம்பலோனாக் கோட்டையைக் காத்து நின்றபோது பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பொழுது போவதற்காகப் பலவாறு கற்பனை செய்தார். போரில் புகழ் பெறுவதாக எண்ணியபோது அந்நேரம் இன்பமாக இருந்தது. எண்ணம் நீங்கியபின் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல் வாழ்வதாக எண்ணியபோதும் இன்பமாக இருந்தது; எண்ணம் நீங்கிய பின்னும் மகிழ்ச்சி நின்றது. இந்த வேறுபாட்டை அவர் கவனித்தார். ஒரு பழக்கத்தின் தன்மையை அறிய, அது நடக்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதாது. அது முடிந்தபின் உள்ளத்தில் எதை விட்டுச் செல்கிறது என்று பார்க்க வேண்டும். இரவு ஒரு மணி வரை கைபேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தவர், திரையை அணைத்த அந்த நிமிடத்தில் தம் மனம் இருக்கும் நிலையைப் பார்த்தால், இஞ்ஞாசியார் கண்டதைத் தாமும் காண்பார்.

அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூலுக்கு 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. அதில் ஒரு குறிப்பிட்ட குறையைக் களைவதற்கு அவர் கூறும் வழி மிக எளியது. எல்லாக் குறைகளையும் ஒருங்கே திருத்தப் புறப்படாமல், ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதனை நினைத்து எச்சரிக்கை கொள்ள வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் ஒருமுறை, எத்தனை தடவை தவறினோம் என்று எண்ணி, ஏட்டில் வரைந்த கோட்டின்மேல் அத்தனை புள்ளிகள் இட வேண்டும். முற்பகலோடு பிற்பகலையும், நாளோடு நாளையும், வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். இவ்வளவே. அன்றைய நாளை முழுவதுமாக ஆராய்வதற்கு அவர் வகுத்த வழி வேறு. அதில் முதற்படி குற்றம் தேடுவதன்று. பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவது. அதன்பின் ஒளி வேண்டுதல், நாளை நினைத்துப் பார்த்தல், மன்னிப்பு வேண்டுதல், திருந்த உறுதிகொள்ளுதல் என்பவை வரிசையாக வருகின்றன.

ஒரு தவக்காலத்தில் நாமும் இதனைச் செய்து பார்த்தோம். களைவதற்கு நாம் தேர்ந்தெடுத்தது ஒரு வாக்கியத்தை. ‘இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்’ என்பது அவ்வாக்கியம். வெளிமாநிலத்தில் வாழும் எவரும் இதனைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள் என்று எண்ணுகிறோம். வாயால் சொன்னாலும் மனத்தால் சொன்னாலும் ஒரு புள்ளி என்று வகுத்துக்கொண்டோம். முதல் நாள் நண்பகலில் மூன்று, இரவில் நான்கு. மறுநாள் மொத்தம் பதினொன்று! திருந்தப் புறப்பட்டவன் ஒரே நாளில் கெட்டுவிட்டானோ என்று திகைத்தோம். உண்மை அதுவன்று. பழக்கம் பெருகவில்லை; பார்வை கூர்மையாயிற்று. முதல் நாளில் பார்க்கத் தவறியதை இரண்டாம் நாளில் பார்த்தோம். இம்முறையைத் தொடங்குவோர் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

நான்காம் நாள் இரவு, புள்ளிகள் எந்தெந்த இடத்தில் விழுந்தன என்று பார்த்தோம். கீரைக் கடையில், ஆட்டோவில், குடியிருப்பின் வாயிலில். மூன்று இடத்திலும் நம்மிடம் கன்னடத்தில் பேசினார்கள். நமக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் நம்மோடு உரையாடிக்கொண்டே கூடுதல் விலை வாங்கிய பெருங்கடைக்காரர்மீது ஒரு புள்ளி கூட விழவில்லை. அப்போதுதான் உண்மை விளங்கிற்று. நமது வாக்கியத்தின் வேர் கோபத்தில் இல்லை, வெட்கத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டு நாற்பது வயதைக் கடந்த நாம், கீரைக்கட்டின் விலையைக் கேட்கத் தெரியாமல் விரலைக் காட்டிக்கொண்டு நின்றோம். அந்த வெட்கத்தைச் சுமக்க மனமின்றி ஊரின்மேல் இறக்கிவைத்தோம்.

வேர் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. நாளுக்கு நான்கு கன்னடச் சொற்கள் கற்றோம். ‘எஷ்டு’ என்றால் எவ்வளவு. ‘ஸ்வல்ப’ என்றால் கொஞ்சம். ‘தயவிட்டு’ என்றால் தயவுசெய்து. ஒருநாள் கீரைக்கார அம்மையாரிடம் துணிந்து ‘எஷ்டு அம்மா?’ என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, “கட்டு இருபது ரூபா சார்” என்று தமிழிலேயே விடை சொன்னார். அவருக்குக் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் தெரியும். இரண்டு ஆண்டுகளாக நாம் அவரிடம் ஆங்கிலத்தில் பேச முயன்றிருந்தோம். தமிழ் தெரியுமா என்று ஒருமுறை கேட்கவும் இல்லை. அன்றிரவு ஏட்டில் புள்ளி இடவில்லை. ஆனால் வெகுநேரம் அந்த ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உயிர்ப்பு ஞாயிறு வந்தபோது நமது கணக்கு சில நாளில் சுழியமாகவும் சில நாளில் இரண்டாகவும் நின்றது. முற்றும் ஒழிந்தது என்று சொல்ல மாட்டோம். இன்றும் ஒழியவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். தன்னாய்வு அளவு மீறினால் நோயாகும். இஞ்ஞாசியாரே அதற்குச் சான்று. 1522இல் மன்ரேசா என்னும் ஊரில் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப நினைத்து அலைக்கழிந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டோமா என்னும் ஐயம் அவரை விடவில்லை. உணவை மறுத்து ஒரு வாரம் கிடந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்து தாக்கியது. அதிலிருந்து மீண்டபின், இத்தகைய வீண் மனக்கலக்கம் உடையோர்க்கென்று தம் நூலில் தனிக் குறிப்புகளே எழுதினார். தன்னை ஆராய்வது தன்னைத் துன்புறுத்துவதற்காக அன்று. இரக்கமுள்ள ஒருவர் அருகில் இருந்து பார்க்கிறார் என்னும் நம்பிக்கையோடு பார்ப்பதே கிறிஸ்தவத் தன்னாய்வு. நன்றியில் தொடங்காத ஆய்வு பெரும்பாலும் நைவில் முடியும். அப்படி ஒரு நைவு எவரையேனும் பற்றியிருந்தால், அவர் ஏட்டை மூடிவிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ மருத்துவரிடமோ மனம்விட்டுப் பேசுவதே முறை.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. நம் பட்டியலில் இல்லாத குற்றத்தை நாம் எண்ண மாட்டோம். நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில், பலிபீடம் ஒன்றாக இருக்க, மக்கள் நிற்கும் பகுதி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் ஒரு சாதியார், மறுபக்கம் மற்றச் சாதியார். 1910இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தோர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். சுவரின் இரு புறத்திலும் நின்றவர்கள் ஆண்டுதோறும் தவக்காலத்தில் தம்மை ஆராய்ந்து பாவசங்கீர்த்தனம் செய்தவர்களாகவே இருந்திருப்பர். பொய்யும் களவும் அவர்கள் கணக்கில் வந்திருக்கும். கண்ணெதிரே நின்ற சுவர் எத்தனை பேருடைய கணக்கில் வந்திருக்கும்? அவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இன்று நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தனிக் குவளை வைத்திருக்கிறோமா? வாயிற்காவலரை, அவர் நம் தந்தை வயதினராக இருந்தும், ஒருமையில் அழைக்கிறோமா? புதிதாகச் சந்திக்கும் தமிழரிடம் ‘சொந்த ஊர் எது, எந்தத் தெரு’ என்று சுற்றி வளைத்து எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம்? வடக்கன்குளத்துச் சுவர் இடிந்தது. நாம் ரயிலேறி வந்தபோது அதன் செங்கல் ஒன்று நம் பெட்டிக்குள் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இப்படித் தன் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டப் பிறர் கண் வேண்டும். இங்கே ஜான் வெஸ்லியின் அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1742இல் பிரிஸ்டல் நகரில் அவருடைய சபையார் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினர். பன்னிருவர் கொண்ட சிறு வகுப்புகளாகப் பிரிந்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவர் வாரம் ஒரு பென்னி வீதம் வசூலிப்பது என்று முடிவாயிற்று. காசு வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள் அங்கே குடியையும் சச்சரவையும் துயரத்தையும் கண்டு வந்து சொன்னார்கள். வெஸ்லி அந்த ஏற்பாட்டையே ஒருவர் நலனை ஒருவர் விசாரிக்கும் முறையாக ஆக்கிவிட்டார். கடனுக்காகத் தொடங்கியது ஆன்மாவின் காவலாயிற்று. வேற்றூரில் வாழும் நம்மிடையே ஜெபக்குழுக்களும் அன்பியங்களும் இருக்கின்றன. அவற்றில் பாடுகிறோம், ஜெபிக்கிறோம், தேநீர் அருந்திக் கலைகிறோம். ‘இந்த வாரம் எப்படிப் போயிற்று?’ என்று ஒருவரை ஒருவர் மெய்யாகவே கேட்டு, விடைக்குக் காத்திருந்தால், ஊரில் விட்டுவந்த பெரியம்மாக்களின் கண்களை இங்கே மீண்டும் பெறலாம். ஒரு வேறுபாடு மட்டும் இருக்கும். அந்தக் கண்களை நாம் கேட்டுப் பெற்றிருப்போம்.

நேயர்களே, பெரிய சபதங்கள் வேண்டுவதில்லை. ஒரு சிறு குறிப்பேடும் இரவில் பத்து நிமிடமும் போதும். முதலில் அன்று பெற்ற நன்மை ஒன்றை எழுதுங்கள். பிறகு நீங்கள் தேர்ந்துகொண்ட ஒரே ஒரு பழக்கத்துக்குப் புள்ளி இடுங்கள். எண்ணிக்கை ஏறினால் அஞ்சாதீர்கள். புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தால் வேர் தெரியும். வேரின் அருகே பெரும்பாலும் ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். மறுநாட் காலையில் அவரிடம் சென்று, அவருக்குப் புரியும் மொழியில் ஒரு நல்ல சொல் பேசுவதே அந்தக் கணக்கை நேர் செய்யும் வழியாகும்.